சப்நெட் பிரிக்கும்போது எல்லையைப் பாருங்கள்: 10.48.16.0/21 தொகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் தொகுத்துக்கொள்கிறேன். புதிய கிளை அலுவலகம் ஒன்றின் நெட்வொர்க்கைத் திட்டமிடும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. தலைமை அலுவலகம் 10.48.16.0/21 என்ற முகவரித் தொகுதியைக் கொடுத்திருக்கிறது. விருந்தினர் வைஃபையில் ஒரே நேரத்தில் 300 சாதனங்கள் வரை இணையலாம். ஊழியர் கணினிகள் 210, மேசைத் தொலைபேசிகள் 180, கண்காணிப்புக் கேமராக்கள் 90, சர்வர்கள் 40, பிரிண்டர்கள் 20, ஸ்விட்ச்சுகளையும் அக்சஸ் பாயிண்ட்டுகளையும் நிர்வகிக்க 18 முகவரிகள், ரவுட்டர்களுக்கிடையே மூன்று இணைப்புகள் தேவைப்படுகின்றன. ஊழியர் எண்ணிக்கை 100 வரை கூடலாம் என்று பேச்சிருக்கிறதே தவிர இன்னும் முடிவாகவில்லை. இரண்டின் அடுக்கிலிருந்து இரண்டைக் கழிக்கும் வாய்பாடு உங்களுக்குத் தெரியும். ஆனால் 10.48.23.100/26 என்று ரூட், அதாவது தரவு செல்ல வேண்டிய வழிக்குறிப்பு, எழுதினால் ரவுட்டர் ஏற்க மறுப்பது ஏன் என்பதும், இத்தனை தேவைகளையும் எந்த வரிசையில், எந்த இடத்தில் வைப்பது என்பதும் புரியவில்லை என்கிறீர்கள்.

இந்த இரண்டு ஐயங்களுக்கும் விடை ஒன்றுதான். நீங்கள் அறிந்திருக்கும் வாய்பாடு ஒரு சப்நெட்டில், அதாவது பெரிய நெட்வொர்க்கிலிருந்து பிரித்தெடுத்த சிறு நெட்வொர்க்கில், எத்தனை முகவரிகள் கிடைக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த சப்நெட் எந்த எண்ணில் தொடங்கலாம், எந்த எண்ணில் தொடங்கவே முடியாது என்பதை அது சொல்வதில்லை. நான் பார்த்த வரையில், முகவரித் திட்டங்கள் சிக்கலுக்குள்ளாவது எண்ணிக்கை தவறியதால் அல்ல. தொகுதிகளைப் பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டதால்தான். ஆகவே எல்லையைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

மாஸ்க் என்பது எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் கொண்ட ஒரே எண். அதைப் புள்ளியிட்டு நான்கு எண்களாக எழுதுவது நாம் படிப்பதற்கான வசதி மட்டுமே. இந்த 32 பிட்டுகளில் இடப்பக்கத்திலிருந்து எத்தனை பிட்டுகள் நெட்வொர்க்கைக் குறிக்கின்றன என்பதையே /21, /26 போன்ற எண்கள் சொல்கின்றன. அத்தனை பிட்டுகளை 1 ஆகவும் மற்றவற்றை 0 ஆகவும் எழுதினால் கிடைப்பதே மாஸ்க். எஞ்சியவை அந்த நெட்வொர்க்குக்குள் இருக்கும் தனித்தனிச் சாதனங்களைக் குறிக்கின்றன. ஒரு கணினி எந்தப் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, அனுப்பும் முன்பும் ஒரே ஒரு கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்கிறது: நான் சேர வேண்டிய முகவரி என் நெட்வொர்க்கிலேயே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? தன் முகவரியையும் மாஸ்க்கையும் பிட் பிட்டாகப் பொருத்தி, இரண்டிலும் 1 இருக்கும் இடங்களை மட்டும் 1 என வைத்துக்கொண்டால் தன் நெட்வொர்க் முகவரி கிடைக்கிறது. சேருமிட முகவரிக்கும் அதையே செய்து பார்க்கிறது. இரண்டும் ஒன்றானால், ஒரே நெட்வொர்க்கிலுள்ள சாதனத்தைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பி என்ற முறை மூலம் அந்தச் சாதனத்தை நேரடியாகக் கூப்பிடுகிறது. வேறுபட்டால் பாக்கெட்டை, நெட்வொர்க்கின் வெளிவாசலாக இருக்கும் ரவுட்டரான டிஃபால்ட் கேட்வேயிடம் ஒப்படைக்கிறது. மாஸ்க்கின் வேலை இவ்வளவுதான். பாக்கெட்டுக்குள் மாஸ்க் பயணம் செய்வதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் மாஸ்க் என்னவென்றே தெரியாது.

இப்போது உங்கள் 10.48.23.100/26-க்கு வருவோம். /26 என்றால் நான்காம் எண்ணில் முதல் இரண்டு பிட்டுகள் நெட்வொர்க்குக்கு உரியவை. எனவே மாஸ்க்கின் நான்காம் எண் இரும வடிவில் 11000000, அதாவது 192. முகவரியின் நான்காம் எண்ணான 100-ஐ இருமத்தில் எழுதினால் 01100100. இரண்டையும் பொருத்தினால் 01000000, அதாவது 64 கிடைக்கிறது. ஆகவே 10.48.23.100 என்பது ஒரு சப்நெட்டின் தொடக்கமல்ல; 10.48.23.64-இல் தொடங்கி 10.48.23.127-இல் முடியும் சப்நெட்டுக்குள் இருக்கும் ஒரு சாதாரண முகவரி. ரூட் எழுதும்போது நெட்வொர்க் முகவரியைத் தர வேண்டிய இடத்தில் ஒரு சாதனத்தின் முகவரியைத் தந்தீர்கள், அதனால் மறுத்தது. அதே 10.48.23.100/26-ஐ ரவுட்டரின் ஒரு இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்துப் பார்த்தால் எந்த மறுப்புமின்றி ஏற்றுக்கொள்ளும், ஏனெனில் அங்கே கேட்கப்படுவது சாதனத்தின் முகவரி.

பிட்டுகளை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை. 256-இலிருந்து மாஸ்க்கின் எண்ணைக் கழித்தால் தொகுதியின் அளவு வந்துவிடும். அந்த அளவின் மடங்குகளில் மட்டுமே தொகுதி தொடங்க முடியும். /26-க்கு 256-192, அதாவது 64. எனவே தொடக்கங்கள் 0, 64, 128, 192. /27-க்கு 32-இன் மடங்குகள். மாஸ்க் மூன்றாம் எண்ணில் வெட்டினாலும் இதே முறைதான், கணக்கை மட்டும் மூன்றாம் எண்ணில் செய்ய வேண்டும். உங்கள் /21-இன் மாஸ்க் 255.255.248.0, 256-248 என்பது 8. ஆகவே மூன்றாம் எண் 0, 8, 16, 24 என்றே தொடங்கும். உங்களுக்குக் கிடைத்திருப்பது 16-இல் தொடங்குவதால் அது 10.48.16.0 முதல் 10.48.23.255 வரை, மொத்தம் 2048 முகவரிகள். ஒரு தொகுதி தன் அளவின் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்ற இந்த ஒரு விதியிலிருந்தே மீதி எல்லாமும் வருகின்றன.

இரண்டைக் கழிப்பது பற்றிச் சில சொற்கள். ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் முகவரி அந்த நெட்வொர்க்கின் பெயராகவும், கடைசி முகவரி பிராட்காஸ்ட்டுக்காகவும், அதாவது எல்லாச் சாதனங்களையும் ஒருங்கே அழைப்பதற்காகவும், ஒதுக்கப்படுவதால் அவற்றைச் சாதனங்களுக்குக் கொடுப்பதில்லை. இதிலிருந்து, 0-இலும் 255-இலும் முடியும் முகவரிகள் எல்லாமே தகாதவை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. 10.48.16.0/23 என்ற சப்நெட் 16.0 முதல் 17.255 வரை நீள்கிறது. அதன் நடுவிலே வரும் 10.48.16.255, 10.48.17.0 ஆகிய இரண்டும் எந்தக் குறையுமில்லாத சாதாரண முகவரிகள். இரண்டு ரவுட்டர்கள் மட்டும் இருக்கும் நேரடி இணைப்புக்கு, 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 3021 ஒரு விலக்கு அளித்தது: அங்கே /31 மாஸ்க்கைப் பயன்படுத்தி இரண்டு முகவரிகளையும் சாதனங்களுக்கே கொடுக்கலாம். மறுபக்கம், மேகக் கணிமைக்குப் போகும்போது கழிக்க வேண்டியது கூடுகிறது. அமேசானின் ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்ட்டின் அஸ்யூர் இரண்டுமே ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரிகளைத் தமக்கென எடுத்துக்கொள்கின்றன. அங்கே ஒரு /28-இல் உங்களுக்குக் கிடைப்பது 14 அல்ல, 11.

பழைய பாடநூல்களில் இன்னொரு கழித்தலையும் பார்ப்பீர்கள்: சப்நெட்டுகளின் எண்ணிக்கையிலிருந்தும் இரண்டைக் கழிக்கச் சொல்வது. 1981-இல் ஐபி நெறிமுறை வரையறுக்கப்பட்டபோது முகவரிகள் ஏ, பி, சி என்ற வகுப்புகளாகப் பிரிந்திருந்தன. சி வகுப்பில் 254 சாதனங்கள், பி வகுப்பில் 65,534 சாதனங்கள். இடைப்பட்ட அளவு என்று எதுவுமே இல்லை. 1985-இல் ஆர்எஃப்சி 950 ஒரு வகுப்பை உள்ளுக்குள் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அப்போது முதல் சப்நெட்டையும் கடைசி சப்நெட்டையும் தவிர்க்கும்படி கூறப்பட்டது. 1993-இல் வகுப்பற்ற முகவரி முறை வந்து, எல்லையை எந்த பிட்டிலும் வைக்கலாம் என்றானதும் அந்தத் தடைக்கு அடிப்படையே இல்லாமல் போயிற்று. இன்று எல்லா சப்நெட்டுகளையும் பயன்படுத்தலாம். தேர்வுகளுக்குப் படிக்கும் சிலர் அந்தப் பழைய விதியை இன்னும் மனப்பாடம் செய்துகொண்டிருப்பது வருத்தமாக இருக்கிறது.

மாஸ்க் தவறினால் என்ன நடக்கும் என்பதை ஒரு முறை நெருங்கிப் பார்த்துவிட்டால் இந்தக் கருத்து மனத்தில் நன்கு பதியும். உங்கள் சர்வர்கள் 10.48.23.0/26-இலும் பிரிண்டர்கள் 10.48.23.128/27-இலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10.48.23.10 என்ற சர்வரில் யாரோ /26-க்குப் பதிலாக வழக்கமான 255.255.255.0-ஐ இட்டுவிட்டார்கள். அந்த சர்வரிலிருந்து இணையம் ஒழுங்காக வேலை செய்யும். ஊழியர் கணினிகளும் அதை எட்டும். பக்கத்து சர்வர்களோடும் அது பேசும். ஆனால் 10.48.23.135-இல் இருக்கும் பிரிண்டருக்கு மட்டும் எதுவும் போகாது. காரணம், தவறான மாஸ்க்கின்படி அந்த பிரிண்டர் தன் நெட்வொர்க்கிலேயே இருப்பதாக சர்வர் நம்புகிறது. கேட்வேயிடம் கொடுக்காமல் ஏஆர்பி மூலம் நேரடியாகக் கூப்பிடுகிறது. அந்தக் குரல் பிரிண்டர் இருக்கும் பகுதிக்குப் போகவே போகாது. பிரிண்டரைக் கழற்றி மாட்டுவார்கள், டிரைவரை மாற்றுவார்கள், கேபிளைச் சோதிப்பார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: சில ரவுட்டர்களில் ப்ராக்ஸி ஏஆர்பி என்ற வசதி இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அது பிரிண்டருக்குப் பதிலாகத் தானே விடையளித்துப் பாக்கெட்டைக் கொண்டு சேர்த்துவிடுவதால் தவறு பல மாதங்கள் வெளியே தெரியாது. ரவுட்டரை மாற்றும் நாளில் திடீரென்று முளைக்கும். எல்லாம் வேலை செய்து, அண்டையிலுள்ள ஒரு முகவரி வரிசை மட்டும் எட்டவில்லையென்றால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்.

இனி, பிரிப்பதே ஏன் என்பது. 2048 முகவரிகளையும் ஒரே நெட்வொர்க்காக விட்டுவிட்டாலும் பாக்கெட்டுகள் போய்ச் சேரத்தான் செய்யும். ஆனால் ஒரு சாதனம் எழுப்பும் ஒவ்வொரு பிராட்காஸ்ட்டும் மற்ற எல்லாச் சாதனங்களையும் எட்டும். ஒரு ஸ்விட்ச்சில் கேபிள் தவறுதலாகச் சுழற்சியாக இணைந்துவிட்டால் அலுவலகம் முழுவதும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். இதைவிட முக்கியமான காரணமாக நான் கருதுவது பாதுகாப்பு விதிகளை. கேமராக்கள் இணையத்துக்குப் போகக் கூடாது, விருந்தினர்கள் சர்வர்களைத் தொடக் கூடாது என்று நீங்கள் முடிவெடுத்தால், அந்த முடிவை நடைமுறைப்படுத்தும் இடம் ஃபயர்வால். கேமராக்கள் எல்லாம் 10.48.22.0/25-க்குள் இருந்தால் ஒரே வரியில் விதி முடிந்துவிடும். அவை இங்குமங்குமாகச் சிதறிக் கிடந்தால் 90 வரிகள் எழுத வேண்டும். புதிய கேமரா வரும் ஒவ்வொரு முறையும் யாராவது மறந்துவிடுவார்கள். ஆகவே துறைவாரியாகப் பிரிப்பதைவிட, ஒரே விதமான நம்பிக்கைக்கு உரிய சாதனங்களை ஒன்றாக வைப்பதே நல்லது. நீங்கள் தந்திருக்கும் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.

ஒவ்வொரு சப்நெட்டுக்கும் ஒரு விலான், அதாவது ஸ்விட்ச்சுக்குள்ளேயே பிரித்து வைக்கும் ஒரு தனி நெட்வொர்க், என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விலானுக்குள் இரண்டு சப்நெட்டுகளை ஓடவிட்டால் அவை தாளில்தான் பிரிந்திருக்கும். பிராட்காஸ்ட் இரண்டையும் எட்டும், தன் முகவரியைக் கையால் மாற்றிக்கொள்ளும் எவரும் அடுத்த சப்நெட்டுக்குள் நுழைந்துவிடலாம். பிரித்த பிறகு, சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி பற்றியும் நினைக்க வேண்டும். முகவரி கேட்டு ஒரு கணினி எழுப்பும் முதல் அழைப்பு பிராட்காஸ்ட் என்பதால் அது ரவுட்டரைத் தாண்டாது. ஒரே டிஎச்சிபி சர்வர் எல்லா சப்நெட்டுகளுக்கும் சேவை செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு சப்நெட்டின் கேட்வேயிலும் அந்த அழைப்பை சர்வருக்குக் கடத்தும் ரிலே அமைத்துவிடுங்கள்.

அளவுகளைத் தேர்ந்தெடுப்பதில் விருந்தினர் வைஃபைதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஒரே நேரத்தில் 300 என்றால் /24-இன் 254 போதாது. /23-இன் 510 போதும் என்று தோன்றும். ஆனால் டிஎச்சிபியில் தீர்ந்துபோவது இணைந்திருக்கும் சாதனங்களின் எண்ணிக்கையால் அல்ல, திரும்பி வராத முகவரிகளின் எண்ணிக்கையால். விண்டோஸ் சர்வரில் டிஎச்சிபி ஸ்கோப் ஒன்றை, அதாவது வழங்குவதற்கான முகவரி வரிசையை, உருவாக்கி அதன் ஒதுக்கீட்டுக் காலத்தைத் தொடாமல் விட்டால் ஒருவருக்குக் கொடுத்த முகவரி எட்டு நாள் அவர் பெயரிலேயே இருக்கும். காலையில் வந்து நண்பகலில் போய்விட்ட விருந்தினரின் முகவரியும் அப்படித்தான். நாளொன்றுக்கு 150 புதிய சாதனங்கள் வந்தால் நான்காவது நாளிலேயே 510 முகவரிகளும் தீர்ந்துவிடும். இதைச் சரிசெய்ய /22 கேட்பவர்கள் உண்டு. சரியான மருந்து அதுவல்ல. விருந்தினர் ஸ்கோப்பின் காலத்தை ஒன்று அல்லது இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டு /23-இலேயே இருங்கள். வைஃபையில் பிராட்காஸ்ட் காற்றின் நேரத்தைத் தின்பதால், அங்கே சப்நெட்டைப் பெரிதாக்குவதை நான் எப்போதும் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.

மற்றவற்றில் பெரிய விவாதமில்லை. கணினிகளுக்கும் தொலைபேசிகளுக்கும் தலா /24, கேமராக்களுக்கு 126 முகவரிகள் தரும் /25, சர்வர்களுக்கு 62 தரும் /26, பிரிண்டர்களுக்கும் நிர்வாகத்துக்கும் 30 தரும் /27, இணைப்புகளுக்கு /30. இரு முனைகளிலுள்ள ரவுட்டர்களும் /31-ஐ ஏற்றால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் ஒரு கிளையில் மூன்று இணைப்புகளில் மிச்சமாகும் ஆறு முகவரிகளுக்காக மெனக்கெடத் தேவையில்லை.

வைக்கும் வரிசையில்தான் திட்டமிடுபவரின் உழைப்பு இருக்கிறது. பெரியதை முதலில் வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் அந்த மடங்கு விதிதான். 16.0-இல் முதலில் பிரிண்டர்களுக்கு ஒரு /27-ஐ வைத்துவிட்டால், /23-இன் மூன்றாம் எண் இரட்டைப்படையில்தான் தொடங்க முடியும் என்பதால் அது 18.0-க்குத் தள்ளிப்போகும், இடையில் ஏறத்தாழ 480 முகவரிகள் கொண்ட பள்ளம் விழும். அதைச் சிறிய சப்நெட்டுகளால் பின்னர் நிரப்பலாம் என்றாலும், எது எங்கே இருக்கிறது என்பது குழம்பிவிடும்.

பெரியதிலிருந்து சிறியது என்று இடைவெளியில்லாமல் அடுக்கினால் வைஃபை 16.0/23, கணினிகள் 18.0/24, தொலைபேசிகள் 19.0/24, கேமராக்கள் 20.0/25 என்று போய், 21-இன் தொடக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடும், 22.0/23 முழுவதும் காலியாக, ஒரே துண்டாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த 100 பேர் வந்துவிட்டால் கணினிகள் 310 ஆகும். 18.0/24-ஐ /23 ஆக்க 19.0 வேண்டும், அங்கே தொலைபேசிகள் உட்கார்ந்திருக்கின்றன. தொலைபேசிகளை 20.0-க்கு விரிக்கலாமா என்றால், 19-உம் 20-உம் அடுத்தடுத்த எண்களாக இருந்தும் ஒரே /23-இல் சேரவே மாட்டா. இருமத்தில் 19 என்பது 00010011, 20 என்பது 00010100. முதல் ஐந்து பிட்டுகள்தான் பொதுவானவை. இரண்டையும் ஒரே மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டுமானால் /21 வேண்டும், அதாவது உங்கள் கிளை முழுவதும். அடுத்தடுத்து இருப்பது வேறு, இணையாக, அதாவது ஒரே பெரிய தொகுதியின் இரு பாதிகளாக, இருப்பது வேறு என்பதை இந்த ஒரு எடுத்துக்காட்டு காட்டிவிடும்.

எனவே, வளரக்கூடியவற்றுக்கு அவற்றின் இணைத் தொகுதியைக் காலியாக விட்டுவைக்கும்படி பின்வருமாறு வைப்பேன்:

விருந்தினர் வைஃபை: 10.48.16.0/23
ஊழியர் கணினிகள்: 10.48.18.0/24, வளர்ச்சிக்காக 10.48.19.0/24 காலி
தொலைபேசிகள்: 10.48.20.0/24, வளர்ச்சிக்காக 10.48.21.0/24 காலி
கேமராக்கள்: 10.48.22.0/25, வளர்ச்சிக்காக 10.48.22.128/25 காலி
சர்வர்கள்: 10.48.23.0/26, வளர்ச்சிக்காக 10.48.23.64/26 காலி
பிரிண்டர்கள்: 10.48.23.128/27
நிர்வாகம்: 10.48.23.160/27
ரவுட்டர் இணைப்புகள்: 10.48.23.244/30, 10.48.23.248/30, 10.48.23.252/30

பயன்பாட்டில் 1292 முகவரிகள், காலியாக 756. இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: எதிர்பாராத புதிய தேவை ஒன்று /23 அளவில் வந்தால் இந்தத் திட்டத்தில் அதற்கு ஒரே துண்டாக இடமில்லை, நெருக்கமாக அடுக்கிய திட்டத்தில் இருக்கும். இருப்பவை வளரும் வாய்ப்பு அதிகமா, புதியவை வரும் வாய்ப்பு அதிகமா என்று எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும். உங்கள் விவரங்களிலிருந்து முதலாவதே தெரிகிறது. 100 பேர் வருவது உறுதியாகிவிட்டால், காத்திருக்காமல் இப்போதே கணினிகளுக்கு 18.0/23, தொலைபேசிகளுக்கு 20.0/23 என்று கொடுத்துவிடுங்கள். பிறகு மாஸ்க் மாற்றும் வேலை இருக்காது. உறுதியில்லாதபோதுதான் இணையைக் காலியாக வைப்பதில் பயனுண்டு. வளர்ச்சி வராவிட்டால் அந்த 19.0/24-ஐ வேறொன்றுக்குத் தரலாம்.

தலைமை அலுவலகம் /21 ஆகக் கொடுத்ததிலும் இதே எல்லை விதி வேலை செய்கிறது. 10.48.0.0/16-க்குள் 32 கிளைகளுக்கு /21 வீதம் ஒதுக்கலாம். உங்களுக்கு அடுத்த கிளை 10.48.24.0-இல் தொடங்கும். உங்கள் கிளைக்குள் எத்தனை சப்நெட்டுகள் இருந்தாலும் வெளியே அறிவிக்க வேண்டியது 10.48.16.0/21 என்ற ஒரே ரூட். உள்ளே ஒரு விலான் விழுந்து எழுந்தாலும் மற்றக் கிளைகளின் ரவுட்டர்கள் அதை அறிய வேண்டியதில்லை. இந்தச் சுருக்கத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், முகவரி போதவில்லை என்று எங்கோ தொலைவிலுள்ள ஒரு துண்டைக் கடன் வாங்காதீர்கள். அப்படி வாங்கும் ஒவ்வொரு துண்டும் எல்லா ரவுட்டர்களிலும் ஒரு தனி வரியாக நிற்கும்.

தனியார் முகவரிகள் என 1996-இல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கியவை மூன்று: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. இவற்றில் எதை எடுப்பது என்ற முடிவு உங்களிடம் வந்தால் இரண்டைக் கருதிப் பாருங்கள். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0.0/24 அல்லது 192.168.1.0/24-உடனேயே வருகின்றன, அலுவலகத்திலும் அதே எண்களை வைத்தால், வீட்டிலிருந்து விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட இணைப்பு மூலம் இணையும் ஊழியரின் கணினி அலுவலக சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். பயன்பாடுகளைத் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கர் மென்பொருள் 172.17.0.0/16-ஐ இயல்பாக எடுத்துக்கொண்டு, தேவைப்படும்போது 172.18-இலிருந்து மேல்நோக்கியும் போகிறது. டாக்கர் ஓடும் சர்வர் ஒன்று 172-இல் உள்ள கிளையை எட்ட முடியாமல் போவதற்கு இதுவே காரணமாவதுண்டு. 10-இல் தொடங்கும் முகவரிகளில், எல்லோரும் முதலில் எடுக்கும் 10.0.0.0-ஐயும் 10.1.0.0-ஐயும் விட்டு நடுவிலுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், வேறொரு நிறுவனத்தோடு இணைய வேண்டிய நாளில் மோதல் வரும் வாய்ப்பு குறையும். உங்கள் 10.48 நல்ல தேர்வு.

ஐபி ஆறாம் பதிப்பையும் அருகருகே இயக்கப் போகிறீர்கள் என்றால் எண்ணிக்கைக் கணக்கு அங்கே முழுவதுமாக மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு விலானுக்கும் ஒரு /64. சாதனங்கள் தாமாகவே முகவரி அமைத்துக்கொள்ளும் முறை அந்த அளவையே எதிர்பார்க்கிறது. கிளைக்கு ஒரு /56 கிடைத்தால் 256 விலான்களுக்கு இடமிருக்கும். அங்கேயும் எஞ்சி நிற்பது எல்லைதான்: முகவரி பதினாறடிமான எண்களில் எழுதப்படுவதால், /48, /52, /56 என நான்கு பிட்டுகளின் மடங்கில் வெட்டினால் எந்த எண் கிளை, எந்த எண் விலான் என்பது பார்த்தவுடன் தெரியும்.

கடைசியாக, கணினிகளின் சப்நெட்டை /24-இலிருந்து /23 ஆக்கும் நாள் வந்தால் செய்ய வேண்டியவை. கேட்வேயின் மாஸ்க்கை முதலில் மாற்றுங்கள். அதன் பிறகு பழைய மாஸ்க் உள்ள கணினியொன்று 19-இல் வந்த புதிய கணினியைத் தேடினாலும், அதை வெளியார் என்றெண்ணிக் கேட்வேயிடம்தான் கொடுக்கும். கேட்வே கொண்டு சேர்த்துவிடும். அடுத்து டிஎச்சிபி. விண்டோஸ் டிஎச்சிபி சர்வரில் ஏற்கெனவே உள்ள ஸ்கோப்பின் மாஸ்க்கைத் திருத்த வழியில்லை. அதை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும் என்பதால், ரிசர்வேஷன்களை, அதாவது குறிப்பிட்ட சாதனங்களுக்கென நிலையாக ஒதுக்கிய முகவரிகளை, முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கையால் முகவரி இட்ட சாதனங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள். ஃபயர்வாலில் 18.0/24 என்று எழுதப்பட்ட விதிகளையும் அதே நாளில் 18.0/23 ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் 19-இல் வரும் புதியவர்கள் எந்த சர்வரையும் எட்ட மாட்டார்கள். எல்லாக் கணினிகளும் மாறி முடியும் வரை 10.48.18.255-ஐ மட்டும் யாருக்கும் கொடுக்காமல் ஸ்கோப்பிலிருந்து விலக்கி வையுங்கள். புதிய மாஸ்க்கின்படி அது சாதாரண முகவரிதான். ஆனால் பழைய மாஸ்க்கோடு எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கணினியும் அதை இன்னும் பிராட்காஸ்ட் என்றே கொள்ளும்.